மருந்துச் சீட்டிலிருந்து நீங்கிய உணவு: சேத்துப்பட்டு முதல் தாராவி வரை

நோயுற்ற ஏழைக்கு உணவு கொடுப்பது சிகிச்சையா, தருமமா? இந்தியப் பொதுச் சுகாதாரம் இக்கேள்விக்கு அளித்த விடை கடந்த எழுபது ஆண்டுகளில் இருமுறை மாறியுள்ளது. முதல் மாற்றம் சென்னையில் நடந்த ஓர் ஆய்விலிருந்து பிறந்தது. இரண்டாவதற்கான சான்று ஜார்க்கண்டிலிருந்து வந்தது. இன்று தாராவியில் ஒரு காசநோயாளியின் வங்கிக் கணக்கில் சேரும் உதவித்தொகையும், அத்தொகையால் எட்ட முடியாத கீரையும் பழமும் இந்த வரலாற்றின் விளைவுகளே.

காசநோய்க்கு மருந்து கண்டறியப்படுவதற்கு முன், உணவுதான் சிகிச்சையின் மையம். ஓய்வு, தூய காற்று, பால், முட்டை, இறைச்சி, பழம் என்பதே சானடோரியங்களின் முறை. தாம்பரம் சானடோரியம் இம்மரபில் உருவானது. ஆனால், படுக்கைகள் சில ஆயிரம். நோயாளிகளோ பல இலட்சம். எல்லோருக்கும் படுக்கையும் சத்துணவும் தர இயலாத நாட்டில், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு குணமடைய முடியுமா என்ற வினா 1950களில் அவசரமாக எழுந்தது.

அதற்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி அது. வாலஸ் பாக்ஸ் அதன் முதல் இயக்குநர். சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகள் அளிக்கப்பட்டன. 1959இல் வெளிவந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, அதிக உடலுழைப்போடு வாழ்ந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தனர்.

1961இல் உணவைக் குறித்துத் தனிக் கட்டுரை வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் சிறந்த உணவு உண்டு கூடுதல் எடை பெற்றனர். ஆயினும் சளியில் கிருமி மறைவதில் உணவின் தரம் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை என்று சி. வி. இராமகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். இதை நுணுகி வாசிக்க வேண்டும். அந்த ஆய்வு அளந்தது மருந்து உட்கொள்ளும் நோயாளியின் சளியில் கிருமி மறைகிறதா என்பதை. அதற்கு அது தந்த விடை சரியானது. அதன் பயனும் அளவிடற்கரியது. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த எண்ணற்றோருக்குச் சிகிச்சையின் கதவைத் திறந்தது அது. ஆனால் 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கி அதன் பின் வந்த பல பத்தாண்டுகளில், ‘கிருமியை அழிக்க உணவு இன்றியமையாததன்று’ என்ற கண்டறிதல் ‘சிகிச்சைத் திட்டத்தில் உணவுக்கு இடமில்லை’ என்ற நிர்வாக மரபாக இறுகியது. மெலிந்த உடலுடன் ‘குணமடைந்தவர்’ எனப் பதிவேட்டில் குறிக்கப்பட்டவர் எவ்வளவு காலம் நலமாக வாழ்ந்தார், அவர் வீட்டில் அடுத்து யார் நோயுற்றார் என்பவை கேள்விகளாகவே எழவில்லை.

அதே காலத்தில் வேறொரு விடையும் முன்வைக்கப்பட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பியில், மவுண்ட் பேயு என்ற கறுப்பினச் சிற்றூரில், 1960களின் பிற்பகுதியில் ஒரு சமூக மருத்துவ நிலையத்தை நடத்திய ஜாக் கைகர், பசியால் நலிந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார். உள்ளூர் மளிகைக் கடைகள் அச்சீட்டுக்குப் பொருள் வழங்கின; பணம் நிலையத்தின் மருந்து நிதியிலிருந்து சென்றது. அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைவுக்கு மருத்துவ நூல்கள் கூறும் சிகிச்சை உணவுதானே என்று அவர் கேட்டார். இன்று அங்கே ‘காய்கனி மருந்துச் சீட்டு’ என்ற பெயரில் நடைபெறும் மானியத் திட்டங்களுக்கு இதுவே முன்னோடி.

மும்பையில் உணவும் மருத்துவமும் வேறு வழியில் சந்தித்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகவும் பிற வேலைகளுக்காகவும் குடிபெயர்ந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவி, 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் முதற்களங்களுள் ஒன்று. அங்கன்வாடி வழியே குழந்தைக்கும் தாய்க்கும் உணவு வந்தது. ஆனால் அது மருத்துவமனையைச் சாராத, வேறொரு துறையின் பொறுப்பு. தாராவியின் விளிம்பில், மாட்டுங்காவுக்கு அண்மையில் உள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில், அதாவது மக்கள் வழக்கில் சயான் மருத்துவமனையில், குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலே மருந்து என்பதை ஏற்ற மாநகராட்சி மருத்துவமனை அது. அவர் 1999இல் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பு பின்னர் தாராவியில் அங்கன்வாடிகளோடு இணைந்து ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளைக் கண்டறியும் பணியை மேற்கொண்டது. ‘சோட்டா சயான்’ எனப்படும் தாராவி நகர்ப்புறச் சுகாதார மையத்தில் கடும் ஊட்டக்குறைவுக்கு நிலக்கடலை கலந்த சிகிச்சைப் பசை அளிக்கப்பட்டது. பொட்டலத்தில் அடைபட்டுக் கெடாமல் இருக்கும் உணவு மருந்தாக ஏற்கப்பட்டது. கீரையும் பழமும் ஏற்கப்படவில்லை.

அவற்றையே நேரடியாகச் சோதித்தது மும்பை மகப்பேற்று ஊட்டச்சத்து ஆய்வு. ரமேஷ் போத்தார், சிராஜுல் சஹாரியா, கரோலின் பால் ஆகியோர் மும்பையின் குடிசைப் பகுதிகளில் 6513 பெண்களை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த தின்பண்டம். மற்றதற்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றாலான பண்டம். கருவுறுவதற்கு முன்பே தொடங்கி மகப்பேறு வரை நாள்தோறும் வழங்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவின்படி, பிறப்பு எடையில் மொத்தமாகக் காணப்பட்ட வேறுபாடு 26 கிராம் மட்டுமே. புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. கருத்தரிப்புக்கு மூன்று மாதம் முன்பே உண்ணத் தொடங்கியவர்களிடம் 48 கிராம் உயர்வு தெரிந்தது. மிக மெலிந்த பெண்களிடம் எடைப் பயனே காணப்படவில்லை. உடல் எடை ஓரளவு உள்ளவர்களிடமே அது தெளிவாக இருந்தது. எனினும் 2016இல் அதே ஆய்விலிருந்து வந்த மற்றொரு கட்டுரை, கர்ப்பகால நீரிழிவு கீரைக் குழுவில் 7.3 விழுக்காடாகவும் மற்றதில் 12.4 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. குழந்தையின் எடையை அளந்தால் சிறு பயன். தாயின் சர்க்கரையை அளந்தால் கணிசமான பயன். சேத்துப்பட்டின் பாடம் மும்பையிலும் வெளிப்பட்டது: உணவு மருந்தா என்பதற்கான விடை, எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

காசநோயில் அளவுகோல் மாறியது ஜார்க்கண்டில். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையிலான ஆய்வு 2800 நோயாளிகளையும் அவர்தம் வீட்டினர் 10,345 பேரையும் பின்தொடர்ந்தது. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதந்தோறும் 10 கிலோ உணவுக் கூடை கிடைத்தது; ஒரு பிரிவில் வீட்டினருக்கும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. 2023இல் வெளிவந்த முடிவில், அவ்வாறு உணவு பெற்ற வீட்டினரிடையே புதிய காசநோய் 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்திருந்தது. முதல் இரு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பு 61 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. இந்த ஆய்வில் பங்கேற்ற சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய அதே மையத்தின் இன்றைய வடிவம். சளியை அளந்தபோது விலகிய உணவு, இறப்பையும் வீட்டினரையும் அளந்தபோது திரும்பி வந்தது.

அரசு அதற்கு முன்பே ஓரடி எடுத்து வைத்திருந்தது. 2018 ஏப்ரலில் தொடங்கிய நிக்ஷய் போஷண் திட்டம் சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 500 ரூபாயை நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தியது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டில் கொடையாளர்கள் உணவுக் கூடை வழங்குகின்றனர்.

இவ்வுதவிகளின் எல்லை மும்பையில் கூர்மையாகத் தெரிகிறது. தாராவியை அடுத்த மாஹிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையின் ஜரீர் உத்வாடியாவும் சக மருத்துவர்களும், பரிசோதித்த எல்லா மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோயை 2011 டிசம்பரில் அறிவித்தபோது உலகின் பார்வை இந்நகரின் மேல் விழுந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத நோயின் சிகிச்சை நீண்டது, பசியைக் கெடுப்பது, கூலியை நிறுத்துவது. கூலி நின்ற வீட்டில் வங்கிக்கு வரும் 1000 ரூபாய் வாடகைக்கும் கடனுக்கும் பங்கு வைத்த பின்னரே அடுப்படியை எட்டும். கூடையோ அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொண்டது. மூட்டையில் அடங்குவதும் கிடங்கில் கெடாததும் திட்டத்தில் இடம்பெறுகின்றன. ஒரே நாளில் வாடும் கீரை இடம்பெறுவதில்லை.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஏழைக் குடியிருப்புகளுக்கு அருகே காய்கறிக் கடையே இல்லை என்பது சிக்கல். தாராவியின் நிலை அதுவன்று. தொண்ணூறடிச் சாலையில் காய்கறித் தள்ளுவண்டிகள் நிற்கின்றன. முருங்கைக்காயும் வாழைப்பூவும் கீரையும் குவிந்திருக்கும் மாட்டுங்காச் சந்தை நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. செம்பூரிலும் அப்படியே. காய்கறி அருகில் இருக்கிறது. வாங்கும் பணம்தான் இல்லை. ஆகவே இங்கே கிடங்கோ குளிர்பதன வண்டியோ முதல் தேவையன்று. சுகாதார நிலையம் எழுதித் தரும் சீட்டைத் தள்ளுவண்டிக்காரர் ஏற்பதும், அவருக்கு உரிய நாளில் பணம் சேர்வதும் போதும். மவுண்ட் பேயுவின் மளிகைக் கடைகள் செய்தது அதைத்தான்.

அத்தகைய திட்டம் வருமானால், அதன் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கும். நோயாளியின் சளியை மட்டும் அளந்தால், 1961இன் முடிவே மீண்டும் கிடைக்கக்கூடும். உணவு மீண்டும் தருமத்தின் பக்கம் தள்ளப்படும். நோயாளியின் எடை, அவர் வேலைக்குத் திரும்பும் நாள், அதே அறையில் உறங்கும் குழந்தையின் நலம் ஆகியவையும் பதிவேட்டில் ஏறினால்தான் கீரைக்கும் பழத்துக்கும் மருந்துச் சீட்டில் இடம் கிடைக்கும்.