இறுகிப்போன சைலன்சர் நட்டு: ஹெட்டைக் காப்பாற்றிக் கழற்றுவது எப்படி?

கண்டியில் பல வருடம் ஓடிய மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றப் போனால், முதலில் மல்லுக்கு நிற்பது ஹெட்டோடு குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு சிறிய நட்டுகள்தான். நகரமே ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் சின்னக் கியரில் ஏறி வரும்போது குழாய் கொதிக்கும். மேலே வந்தால் மழை. இப்படிச் சூடும் ஈரமும் மாறிமாறிப் பட்டு, நட்டும் ஸ்டட்டும் துருவால் ஒட்டிக்கொள்கின்றன. கண்டியில் தொடங்கும் ஏ9 வீதியின் மறுமுனையில், யாழ்ப்பாணத்திலும் அதற்கு இப்பால் முல்லைத்தீவுக் கரையிலும், இதே வேலையை உப்புக்காற்று செய்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் மீன் விற்பவரும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவரும் இன்னும் பழைய வண்டியிலேயே பிழைக்கிறார்கள். நட்டு மலிவு, ஸ்டட்டும் மலிவுதான். ஆனால் ஸ்டட் இறங்கியிருக்கும் ஹெட் அலுமினியம். அதன் மரை போனால் செலவு ஒருபக்கம், வண்டி நிற்கும் நாட்களின் வருமானம் மறுபக்கம். நட்டைப் பலி கொடுத்தாவது ஹெட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அக்சிலரேட்டரை விடும்போது பின்னால் பட்பட் என்று வெடித்தாலோ, ஹெட்டும் குழாயும் சேருமிடத்தில் கரி படிந்திருந்தாலோ வளையம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது நட்டை இன்னும் இறுக்கிப் பார்ப்பதுதான் பலர் செய்வது. துருவில் மெலிந்த ஸ்டட் உடைவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

முதல்நாள் மாலையே வேலையைத் தொடங்குங்கள். கம்பித் தூரிகையால் ஸ்டட்டின் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துத் துருவை எடுங்கள். எஞ்சின் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் துருநீக்கி ஒயிலை விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். கொதிக்கும் குழாயில் விடவேண்டாம், தீப்பிடிக்கும். காலையில் மீண்டும் ஒருமுறை விடுங்கள். ஆறு மூலை சொக்கட்டையே பாவியுங்கள். பன்னிரண்டு மூலை சொக்கட் துருப்பிடித்த நட்டின் மூலையை உருட்டிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். கால்சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்பப் போங்கள், கொஞ்சம் ஒயில் விடுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் நல்லது. சத்தமில்லாமல் ரப்பர்போல இழுபட்டால் நிறுத்துங்கள்: அது நட்டு சுற்றுவதல்ல, ஸ்டட் முறுகுவது.

1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட வடக்கில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தப் பொறுமை பழக்கமானது. ஸ்டட் உடைந்தால் வேறொன்று வருமென்ற நிச்சயம் அன்று இல்லை. அந்தக் காலத்தில் தொழில் பழகிய கைகளை இங்குள்ள கராஜ்களிலும் கண்டிருக்கிறேன். நீளக்குழாய் மாட்டி ஸ்பனரை இழுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

ஒயிலுக்கு அசையாவிட்டால் சூடுதான் வழி. பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வைத்து, விட்ட ஒயிலைத் துடைத்த பின்பே காஸ் டோர்ச்சைப் பற்றவையுங்கள். நட்டை மட்டும் சூடாக்கி, சுவாலையை எடுத்துவிட்டு, மெழுகுதிரியை மரையில் தொடுங்கள். உருகிய மெழுகு உள்ளே இழுபடும். ஸ்டட்டையே கழற்றுவதானால் அதைச் சுற்றியுள்ள ஹெட்டை மிதமாகச் சூடாக்க வேண்டும். ஒரே சூட்டில் அலுமினியம் உருக்கைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளரும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தால் கவலைப்படாதீர்கள், புதிய ஸ்டட் போடலாம். எதுவுமே சரிவராவிட்டால், கண்ணாடி அணிந்துகொண்டு, நட்டின் ஒரு பக்கத்தை ஸ்டட்டில் படாமல் அறுத்து உளியால் பிளந்துவிடுங்கள்.

ஸ்டட் உடைந்து நுனி வெளியே நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவதே நான் கண்டதில் சிறந்த வழி. வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அதற்குமுன் பட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். ஹெட்டோடு மட்டமாக உடைந்தால் வீட்டில் துளைக்காமல் லேத்துக்குக் கொண்டுபோங்கள். துளை சற்றுச் சரிந்தாலும் துளைக்கும் ஊசி மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். ஈசி அவுட் உள்ளே உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த உருக்கைச் சாதாரண ஊசி துளைக்காது. மரை ஏற்கெனவே போயிருந்தால் லேத்தில் ஹெலிகொயில் போடச் சொல்லலாம்.

திரும்பப் பூட்டும்போது புதிய வளையம் போட்டு, மரையில் செப்புக் கிறீஸ் பூசி, கிடைத்தால் பித்தளை நட்டே போடுங்கள். பித்தளை உருக்கோடு துருவால் ஒட்டாது. இரண்டு நட்டையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். 6 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவு போதும், அதாவது சிறிய ஸ்பனரை ஒரு கையால் பிடித்து இறுக்கும் பலம். ஒரு ஏற்றம் ஏறி இறங்கி, வண்டி நன்றாக ஆறிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.