முதல் மதிப்பெண்ணும் மருந்தின் பயனும்: எஃப்எக்ஸ்-322 ஆய்வுகள் பற்றிய மறுவாசிப்பு

முதுமையில் நேரும் கேள்திறன் இழப்புக்கு மருந்து தேடும் ஆய்வுலகில், எஃப்எக்ஸ்-322 மருந்தின் வரலாறு பெரும்பாலும் தொடக்க வெற்றி, பின்னர்த் தோல்வி என்றே எழுதப்படுகிறது. இடையிலுள்ள முரணுக்கு, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்ட ஊசியின் எண்ணிக்கை காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தொடக்க வெற்றியே சான்றாக நிற்கத்தக்கதன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்புரோயிக் அமிலத்தையும் சிஎச்ஐஆர்99021 என்னும் சிறு மூலக்கூறையும் சேர்த்த இம்மருந்து, செவிப்பறை வழியே நடுச்செவிக்குள் செலுத்தப்பட்டு உட்செவிக்குள் ஊறி, ஒலியதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றும் மயிரணுக்களை அருகிலுள்ள தாங்கணுக்களிலிருந்து முளைக்கச் செய்யும் நோக்கத்தோடு உருவானது. 2021இல் வெளியான தொடக்க ஆய்வில் 15 பேர் மருந்தும் 8 பேர் போலிமருந்தும் பெற்றனர். காதில் விழும் மிக மெல்லிய ஒலியை அளக்கும் தூயதொனிச் சோதனையில் மாற்றம் தென்படவில்லை. ஆனால், சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சொல்லறி சோதனையில் மருந்து பெற்றவருள் சிலர் தெளிவாக முன்னேறினர்.

விவாதம் முழுவதும் இச்சிலரைப் பற்றியதே. 50 சொற்களில் பாதியைச் சரியாகச் சொன்ன ஒருவர், செவியில் எம்மாற்றமும் இன்றியே மறுமுறை 32 முதல் 68 விழுக்காடு வரை பெறக்கூடும் என்று தார்ன்டனும் ராஃபினும் 1978இலேயே கணக்கிட்டனர். முன்னேறியவர்கள் இத்தகைய எல்லையைக் கடந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அவ்வெல்லை தற்செயலான ஏற்ற இறக்கத்துக்கு மட்டுமே காவல். ஒரு பக்கமாகச் சாயும் பிழையை அது தடுக்காது. ஆய்வில் இடம்பெற விரும்பும் ஒருவர், குறைந்த மதிப்பெண்ணே சேர்க்கைக்கு உதவும் என்ற நினைவில், அரைகுறையாகக் கேட்ட சொல்லை முதல் நாளில் ஊகிக்காமல் விட்டுவிட்டு, ஊசிக்குப் பின் துணிந்து ஊகித்தாலே மதிப்பெண் உயர்ந்துவிடும்; இதில் வஞ்சம் இருந்தாக வேண்டியதில்லை. 95 பேர் பங்கேற்ற அடுத்த ஆய்வில் போலிமருந்து பெற்றவர்களும் முன்னேறியபோது, முதல் அளவீட்டில் சாய்வு நேர்ந்திருக்கலாம் என்று மருந்தை உருவாக்கிய நிறுவனமே கருதியது. அவ்வையம் தொடக்க ஆய்வையும் தொடும் என்பதுதான் வழக்கமான வாசிப்பில் விடுபடுகிறது. அங்கும் சாய்வு இருந்தது என நிறுவ இயலாது. இல்லையென நிறுவுவதற்கோ போலிமருந்து பெற்ற எட்டுப் பேர் போதார். சாய்வைக் குறைக்குமாறு திட்டமிடப்பட்ட மற்றோர் இரண்டாம் கட்ட ஆய்வு 2023இல் எவ்வேறுபாடும் காட்டாமல் முடிந்தது சாய்வை ஐயுறும் வாசிப்புக்கே வலுச்சேர்க்கிறது. 66 முதல் 85 வயதினரிடம் தனியே நடந்த ஆய்விலும் பயன் தெரியவில்லை.

முதியோரின் இழப்புக்கு மயிரணுக்கள் அல்ல, உட்செவித் திரவத்தின் மின்னழுத்தத்தைப் பேணும் குருதிநாளப் பட்டையின் நலிவே காரணம் என்றும், ஆகவே மருந்தின் இலக்கே தவறு என்றும் கூறப்படுவதுண்டு. ஷுக்னெக்ட் வழிவந்த இக்கருத்தை நெடிது ஆராய வேண்டியதில்லை: 120 மனித உட்செவிகளை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வு, இழப்பின் பெரும்பகுதியை மயிரணுச் சிதைவே விளக்குகிறது எனக் காட்டிவிட்டது. இலக்கு சரியானதே.

மயிரணு முளைத்ததா என்பதை உயிருள்ள மனிதரின் உட்செவிக்குள் நேரில் கண்டறிய வழியில்லாததால், இத்தோல்விகள் மறுமுளைப்பு இயலாது என்று மெய்ப்பிப்பதாகவும் கொள்ளலாகாது. ஆகவே இனிவரும் ஆய்வுகளில், களைப்பும் கவனச் சிதறலும் மிகுந்த முதியோரிடம், ஊசிக்கு முன்பே வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு சொற்பட்டியல்களால் சோதனை செய்து, மதிப்பெண் நிலைபெற்ற பின்னரே மருந்து செலுத்தப்பட வேண்டும். ஊகித்துச் சொல்லுமாறு ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அறிவுறுத்தவும் வேண்டும்.