பயன்படுத்திய எரிபொருள் உட்செலுத்தி

பயன்படுத்திய எரிபொருள் உட்செலுத்தி என்பது ஒரு பெட்ரோல் பொறியிலிருந்து கழற்றப்பட்டு, வேறொரு பொறியில் பொருத்துவதற்காக விற்கப்படும் உட்செலுத்தி ஆகும். பணிமனைகளில் இது இன்ஜெக்டர் என்றே வழங்கப்படுகிறது. பொறியின் திறனைக் கூட்ட விரும்பும் மகிழுந்து ஆர்வலர்கள், கூடுதல் பாய்வு வீதம் கொண்ட உட்செலுத்திகளைத் தங்களுக்குள் வாங்கி விற்கின்றனர். தோற்றத்தைக் கொண்டு இவற்றின் தரத்தை அறிய இயலாது. அளந்து பெற்ற எண்களே இவற்றின் மதிப்பை முடிவு செய்கின்றன.

பின்னணி

செருமனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் போக்ஸ்வாகன் 1600 மகிழுந்தில் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு உட்செலுத்தல் முறையை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டில், இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 1998-இல் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ இம்முறையுடன் வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் கடுமையானதால் புதிய மகிழுந்துகளில் கார்பரேட்டர் மறைந்தது.

சென்னை புதுப்பேட்டை, பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். அங்கு வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆர்வலர்களுக்கு இடையிலான விற்பனையோ பெரும்பாலும் தொலைவிலிருந்து, படத்தையும் எழுத்து விவரத்தையும் நம்பி நடைபெறுகிறது.

அறிய வேண்டிய அளவுகள்

பாய்வு வீதம்: உட்செலுத்தி தொடர்ந்து திறந்திருக்கையில் ஒரு நிமிடத்தில் வெளிவிடும் எரிபொருளின் அளவு. இது வழக்கமாக 3 பார் அழுத்தத்தில் குறிக்கப்படுகிறது. பாய்வு, அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் மாறும். 3 பாரில் 440 கன செ.மீ. தரும் உட்செலுத்தி 4 பாரில் ஏறத்தாழ 508 கன செ.மீ. தரும். எனவே அழுத்தத்தைக் கூறாமல் பாய்வு வீதத்தை மட்டும் கூறுவது முழுமையான விவரம் ஆகாது.

மின்தடை: உயர்தடை வகையின் சுருள் சுமார் 12 முதல் 16 ஓம் வரையிலும், தாழ்தடை வகையின் சுருள் சுமார் 2 முதல் 5 ஓம் வரையிலும் இருக்கும். 14 வோல்ட்டில் 14 ஓம் சுருள் 1 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 2 ஓம் சுருள் 7 ஆம்பியர் எடுக்கும். உயர்தடை வகைக்கான கட்டுப்பாட்டுக் கணினியில் தாழ்தடை வகையை நேரடியாக இணைத்தால் அதன் இயக்கிச் சுற்று எரிந்துபோகக்கூடும்.

திறப்புத் தாமதம்: மின்சாரம் கிடைத்த பின் ஊசி திறக்க ஆகும் நேரம். இது ஏறத்தாழ 1 மில்லிவினாடி ஆகும்; மின்னழுத்தம் குறைந்தால் கூடும். இம்மதிப்பு கணினியில் சரியாகப் பதியப்படாவிடில் பொறி வெற்றோட்டத்தில் தடுமாறும்.

தேவையான அளவைக் கணித்தல்

மிகையூட்டி இல்லாத பெட்ரோல் பொறிக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 0.23 கிலோகிராம் எரிபொருள் தேவை. நான்கு உருளைகளுடைய 150 குதிரைத்திறன் பொறியில், உட்செலுத்திகள் 80 விழுக்காடு நேரம் மட்டும் திறந்திருக்குமாறு கொண்டால், ஒவ்வொன்றும் நிமிடத்திற்குச் சுமார் 240 கன செ.மீ. தர வேண்டும். இதைவிட மிகப் பெரியதை வாங்குவதால் திறன் கூடாது.

உயரமும் இங்குக் கருதத்தக்கது. ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் போன்ற அடிவார ஊர்களிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகையில், காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் பொறியின் திறனும் குறையும். அங்குக் குறைவது எரிபொருளன்று, காற்றேயாகும். ஆகவே பெரிய உட்செலுத்தி இதற்குத் தீர்வாகாது. மலைத்தோட்டங்களுக்குச் செல்லும் டீசல் ஜீப்புகளின் உட்செலுத்திகள் பன்மடங்கு உயர்ந்த அழுத்தத்தில் இயங்குபவை. மேற்கண்ட கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

தொகுதியின் ஒற்றுமை

உட்செலுத்திகள் தொகுதியாகவே விற்கப்பட வேண்டும். நான்கில் ஒன்று 10 விழுக்காடு குறைவாகச் செலுத்தினால், அந்த உருளையில் மட்டும் எரிபொருள் குறையும். வெளியேறு குழாயிலுள்ள ஆக்சிசன் உணரி நான்கு உருளைகளின் புகையையும் கலந்தே அளப்பதால், கணினி இக்குறையைத் தனியே கண்டறிவதில்லை. மிகுந்த சுமையில் அவ்வுருளையில் வெடிப்புத் தட்டல் ஏற்பட்டு பிஸ்டன் உருகக்கூடும். மலிவாகக் கிடைத்த ஒரு பாகத்தால் முழுப் பொறியும் பாழாகும் வழி இதுவே.

மீயொலியால் தூய்மை செய்து, சோதனை மேடையில் ஒவ்வொன்றின் பாய்வையும் அளந்து, அவ்வெண்களை வாங்குபவருக்கு அளிப்பதே முறை. வடிகட்டிகளும் ஓ-வளையங்களும் புதிதாக மாற்றப்பட வேண்டும். காய்ந்து வெடித்த வளையத்தின் வழியே கசியும் பெட்ரோல் சூடான பொறியில் தீயை உண்டாக்கும். அனுப்புவதற்கு முன் உள்ளிருக்கும் எரிபொருளை முற்றிலும் வெளியேற்றுவதும் தேவை.

சட்ட நிலை

இந்தியப் பொருள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 15-இன்படி, விவரித்து விற்கப்படும் பொருள் அவ்விவரத்திற்கு ஒத்திருக்க வேண்டும். எனவே 440 எனக் கூறி 380 தரும் உட்செலுத்தியை விற்பது, பழைய பொருள் என்பதனால் மட்டும் ஏற்கத்தக்கதாகாது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதனை உறுதிசெய்தது. இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி வேகப்பாதை போன்ற மூடிய தடங்களில் மட்டும் ஓடும் பந்தய வண்டிகளின் நிலை வேறு.

இவற்றையும் பார்க்க

கார்பரேட்டர்
உள் எரி பொறி
ஆக்சிசன் உணரி
புதுப்பேட்டை