போய் வா, மிக்-21!

நம்மில் பெரும்பாலோர் கல்லூரிக்குள் காலடி வைத்த காலத்தில் இந்திய வானில் மிக்-21 பறந்துகொண்டிருந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த நமது முதல் போர் விமானம். 1963-ல் தில்பாக் சிங் தலைமையில் சண்டிகரில் 28-ஆம் ஸ்குவாட்ரனோடு நுழைந்தது. 2025 செப்டம்பர் 26-ல் அதே சண்டிகரில் விடைபெற்றது. 62 வருஷ சர்வீஸ்!

1971 டிசம்பர் 14-ல் டாக்கா கவர்னர் மாளிகைமீது மிக்-21-கள் ராக்கெட்டுகளைப் பொழிந்தன. கவர்னர் மாலிக் அன்றே ராஜினாமா எழுதினார். இரண்டு நாளில் சரணாகதி.

அப்பேர்ப்பட்ட விமானத்துக்குப் பத்திரிகைகள் பின்னாளில் வைத்த பெயர் ‘பறக்கும் சவப்பெட்டி’. விபத்துகள் நடந்தது உண்மைதான், இளம் பைலட்டுகள் பலரை இழந்தோம். ஆனால் பழி முழுவதையும் இயந்திரத்தின் தலையில் போடலாமா? இதற்கு ஒரே எஞ்சின். தரையிறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேராக இதில் ஏற்றிவிட்டால் பையன்கள் என்ன செய்வார்கள், பாவம்! இடையில் பழக நவீன ஜெட் ஒன்று வேண்டும் என்று விமானப்படை 1980-களிலேயே கேட்டது. ‘ஹாக்’ வந்து சேர்ந்தது 2008-ல்!

மிக்-21-க்கு மாற்றாகத் திட்டமிட்ட தேஜஸ் கதையும் அதேதான். 1983-ல் அனுமதி, 2001-ல் முதல் பறப்பு, 2016-ல்தான் முதல் ஸ்குவாட்ரன். அதுவரை பழைய மிக்-21-களையே செப்பனிட்டு ஓட்டினோம். மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் விமானப் பொறியியல் பக்கம் போகிறவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் தேஜஸ் ஸ்குவாட்ரன், 45-ஆவது, 2018-ல் நம்ம கோவை சூலூருக்கு வந்தது. தேஜஸுக்கு முன்னால் அது ஓட்டியதும் மிக்-21 தான்.