சபையின் நேரம் யாருக்குச் சொந்தம்?

பாராளுமன்றத்தைப் பற்றிப் பேசும்பொழுது நாம் கட்சிகளைப் பற்றிப் பேசுகின்றோம்; தலைவர்களைப் பற்றிப் பேசுகின்றோம்; நிறைவேறிய சட்டங்களின் நன்மை தீமைகளை எடைபோடுகின்றோம். அச்சட்டம் எத்தனை மணி நேரத்தில் நிறைவேறியது, பேசுவதற்கு எவருக்கு இடம் கிடைத்தது, எவருடைய வாய் எந்த விதியினால் அடைக்கப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே. நிலையியற் கட்டளைகள் என்பன சபாநாயகருக்கும் எழுதுவினைஞருக்கும் மட்டுமே உரிய வறண்ட விஷயம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால் சபையின் அன்றாட அலுவல் அவ்விதிகளின்படியே நடைபெறுகின்றது. சபையொன்றின் கையிலுள்ள பெருஞ்செல்வம் அதன் நேரமாகும். அந்நேரத்தைப் பங்கிடும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரே சபையையும் ஆளுகின்றார். இவ்வுண்மையை வெட்ட வெளிச்சமாக்கியவர்கள், 1875ஆம் ஆண்டு தொடங்கி இலண்டன் பாராளுமன்றத்தினுள்ளே போராடிய ஒரு சில அயர்லாந்துப் பிரதிநிதிகளாவர்.

அவர்கள் நுழைந்த காமன்ஸ் சபை எத்தகையது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெருநிலக்காரரும் வர்த்தகப் பிரமுகரும் வழக்கறிஞரும் கூடிய சபையாக இருந்தது. 1911ஆம் ஆண்டு வரை அங்கத்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே வேறு வருவாய் உடையவரே அங்கு அமர முடிந்தது. காலை வேளை நீதிமன்றத்துக்கும் வியாபாரத்துக்கும் உரியது. சபை மாலை நான்கு மணியளவில் கூடும். மாசி மாதமளவில் ஆரம்பிக்கும் கூட்டத்தொடர், ஆகஸ்ட் மாதத்தில் பறவை வேட்டைக் காலம் தொடங்கும்பொழுது கலைந்துவிடும்.

இத்தகைய கனவான்கள் தமக்கென வகுத்துக்கொண்ட விதிகள் மிகத் தாராளமானவை. ஓர் அங்கத்தவர் எவ்வளவு நேரமும் பேசலாம். குழுநிலையில் ஒரே விஷயம் பற்றி எத்தனை முறையும் எழுந்து பேசலாம். விவாதம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே அதனை ஒத்திவைக்குமாறு பிரேரிக்கலாம். அப்பிரேரணை பற்றியும் தனியே விவாதம் நடத்தலாம். பேச விரும்பும் ஒருவர் எஞ்சியிருக்கும்வரை விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விடுவதற்கு வழியே இல்லை. இதனைப் பேச்சுச் சுதந்திரத்தின் சிகரமென்று ஆங்கில அறிஞர்கள் போற்றினர். ஒரே கல்லூரிகளிற் படித்து, ஒரே விருந்துகளில் உண்டு, ஒரே சொத்துரிமையைக் காத்து நின்றவர்களிடையே இச்சுதந்திரம் எவருக்கும் இடையூறு விளைவிக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அயர்லாந்தியருக்கு இவ்விருந்தில் பங்கில்லை. 1801ஆம் ஆண்டில் அவர்களுடைய நாடு பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்டு, டப்ளின் பாராளுமன்றம் ஒழிக்கப்பட்டது. 650க்கும் மேற்பட்ட அங்கத்தவர் கொண்ட இலண்டன் சபையில் அயர்லாந்துக்கு ஏறத்தாழ 100 ஆசனங்களே கிடைத்தன. 1845ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள் மாண்டனர், அதேயளவினர் கப்பலேறினர். இருந்தும் குத்தகைக் குடியானவனை நிலத்திலிருந்து வெளியேற்றும் நிலப்பிரபுவின் அதிகாரம் குறையவில்லை. அயர்லாந்துக்கெனச் சபை அடிக்கடி நிறைவேற்றியவை அடக்குமுறைச் சட்டங்களே. ஐசாக் பட் என்னும் தலைவர் 1870ஆம் ஆண்டுகளில் சுயாட்சிக் கோரிக்கையை மிக்க மரியாதையுடன் முன்வைத்தார். சபையும் அதே மரியாதையுடன் அதனைத் தோற்கடித்து வந்தது. வாக்கெண்ணிக்கையில் என்றென்றும் தோற்கவேண்டிய ஒரு தேசிய இனத்துக்கு அச்சபையில் வாதத்தால் வெல்லும் வழி அடைபட்டிருந்தது.

இந்நிலையிலேதான் ஜோசப் பிகார் எழுந்தார். இவர் பெல்பாஸ்ட் நகரத்து உணவுப்பொருள் வியாபாரி, நாவன்மை அற்றவர், கனவான்களின் ஏளனத்துக்கு உள்ளானவர். 1875 ஏப்ரல் 22ஆம் தேதி, அயர்லாந்து தொடர்பான அடக்குமுறை மசோதா ஒன்று விவாதத்துக்கு வந்தபொழுது, அரசாங்க அறிக்கைகளை விரித்து வைத்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மணி நேரம் வாசித்தார். அவருடைய குரல் கேட்கவில்லை என்று சபாநாயகர் குறைகூற, பிகார் தம் தாள்களை எடுத்துக்கொண்டு ஆசனத்துக்கு அண்மையில் வந்து நின்று, வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்தே மீண்டும் வாசிப்பதாகக் கூறினார் என்பது அக்காலத்துப் பிரசித்தமான செய்தி. அதே நாளிலேதான் சார்ள்ஸ் ஸ்டூவர்ட் பார்னல் முதன்முறையாகச் சபையில் அமர்ந்தார். தாமே நிலப்பிரபுவாகவும் புரட்டஸ்தாந்தியராகவும் இருந்தும் குடியானவர் பக்கம் நின்ற பார்னல், பிகார் கையாண்ட இவ்வழியின் ஆற்றலை விரைவில் உணர்ந்துகொண்டார்.

சில நாட்களின் பின் பிகார் இன்னொரு பழைய விதியைக் கையிலெடுத்தார். சபையில் அந்நியர் இருப்பதாக ஓர் அங்கத்தவர் சுட்டிக்காட்டினால், பார்வையாளர் அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்பது அவ்விதி. அன்று பார்வையாளர் மாடத்தில் வீற்றிருந்தவர் வேல்ஸ் இளவரசர். பிகார் அந்நியர் உளர் என்றார். முடிக்குரிய இளவரசர் எழுந்து வெளியே சென்றார். ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. சபையின் வாக்கெடுப்பு இன்றிப் பார்வையாளரை வெளியேற்ற முடியாதவாறு அவ்வாண்டிலேயே விதி மாற்றப்பட்டது. இதற்கு முன் அதே விதியினால் எத்தனையோ சாமானியர் வெளியேற்றப்பட்டிருந்தனர். அப்பொழுதெல்லாம் அதில் எவரும் குறை காணவில்லை.

இப்போராட்டம் அயர்லாந்தின் நலனுக்குள் மட்டும் அடங்கிவிடவில்லை. 1877ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தென்னாபிரிக்கா பற்றிய மசோதா வந்தது. டிரான்ஸ்வாலைப் பிரித்தானியா அவ்வாண்டிலேயே தன்னுடன் இணைத்திருந்தது. பார்னல், பிகார் முதலிய ஒரு கைப்பிடி அங்கத்தவர்கள் அம்மசோதாவை எதிர்த்துச் சபையை ஏறத்தாழ 26 மணி நேரம் தொடர்ந்து இருக்க வைத்தனர். இராணுவத்தில் நிலவிய கசையடித் தண்டனையை எதிர்த்து அவர்கள் 1879ஆம் ஆண்டில் நடத்திய விடாப்பிடியான வாதத்தில் ஆங்கிலத் தீவிரவாத அங்கத்தவர் சிலரும் சேர்ந்துகொண்டனர். 1881ஆம் ஆண்டில் அத்தண்டனை ஒழிக்கப்பட்டது. ஆங்கிலச் சிப்பாயின் முதுகு காக்கப்பட்டதில் அயர்லாந்தியரின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. ஆயினும் அவர்களைச் சபை நாகரிகம் அறியாதவர்கள் என்றே ஆளும் வட்டாரம் அழைத்தது. ஐசாக் பட் கூடத் தம் தோழர்களைச் சபையில் வெளிப்படையாகக் கண்டித்தார்.

1879ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் நிலச் சங்கம் தோன்றியது. மைக்கல் டாவிற்றின் முயற்சியால் எழுந்த அவ்வியக்கத்தின் தலைமைப் பொறுப்பைப் பார்னல் ஏற்றார். மிகையான குத்தகை கொடுக்க மறுத்தல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனைச் சமூகத்திலிருந்து விலக்கி வைத்தல் என்பன அதன் ஆயுதங்கள். மேயோ மாவட்டத்தில் பாய்க்கொட் என்னும் பண்ணை முகவர்மேல் 1880ஆம் ஆண்டில் இவ்வாயுதம் பிரயோகிக்கப்பட்டதாலேயே பகிஷ்காரத்துக்கு அவருடைய பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. கிளாட்ஸ்டனின் லிபரல் அரசாங்கம் இதற்குப் பதிலாக, சந்தேகத்துக்குரியவரை விசாரணையின்றித் தடுத்து வைக்கும் மசோதாவை 1881 ஜனவரியில் கொண்டுவந்தது.

ஜனவரி 31ஆம் தேதி திங்கட்கிழமை மாலை கூடிய சபை கலையவில்லை. மசோதாவைச் சமர்ப்பிக்க அனுமதிக்கலாமா என்னும் முதற் கேள்வியே இன்னும் முடிவாகாதிருந்தது. அயர்லாந்தியர் முறைவைத்துப் பேசினர். ஏனையோரும் முறைவைத்து உறங்கினர். திங்கள் இரவு கழிந்தது. செவ்வாய்ப் பகலும் இரவும் கழிந்தன. புதன்கிழமை, பெப்ரவரி 2ஆம் தேதி காலை, 41 மணி நேரத்துக்குப் பின், சபாநாயகர் ஹென்றி பிராண்ட் ஆசனத்துக்குத் திரும்பினார். இனி எவரையும் பேச அழைப்பதில்லை என்று அறிவித்துப் பிரேரணையை வாக்கெடுப்புக்கு விட்டார். இவ்வாறு செய்ய அவருக்கு அதிகாரமளிக்கும் விதி எதுவும் இருக்கவில்லை. பிரதமருடன் முன்கூட்டியே கலந்து பேசி, தம் சொந்தப் பொறுப்பிலேயே அவர் விவாதத்தை முடித்தார். சட்டத்தின் பெயரால் அயர்லாந்தை அடக்கப் புறப்பட்ட சபை, அதற்காகத் தன் சட்டத்தையே மீறவேண்டியதாயிற்று.

மறுநாள் டாவிற் கைது செய்யப்பட்ட செய்தி சபைக்கு வந்தது. விளக்கம் கேட்டுக் குழப்பம் எழுந்தபொழுது, பார்னல் உட்பட அயர்லாந்து அங்கத்தவர் 36 பேர் ஒரே அமர்வில் இடைநிறுத்தப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் அகன்ற சபையில், அவசர அலுவல்களை விரைந்து முடிக்கச் சபாநாயகருக்குப் புதிய அதிகாரங்கள் வழங்கப்பட்டன. மார்ச் தொடக்கத்தில் மசோதா சட்டமாயிற்று. அதன்கீழ் 900க்கு மேற்பட்டோர் சிறைசென்றனர். அவ்வாண்டு அக்டோபரில் பார்னலும் அவர்களுள் ஒருவரானார்.

இதன்பின் நடந்தவையே நம் கவனத்துக்கு மிகவும் உரியவை. 1882ஆம் ஆண்டில் விவாத முடிப்பு விதி நிலையான வடிவம் பெற்றது. எதிரணியிலிருந்த கன்சர்வேட்டிவ் கட்சியினர் அதனைப் பிரெஞ்சுச் சொல்லாலேயே குறிப்பிட்டு, இது அந்நியச் சரக்கு என்று எள்ளி நகைத்தனர். ஐந்தாண்டுகளின் பின் அதே கட்சியினர் ஆட்சியிலிருந்தபொழுது, எந்த அங்கத்தவரும் விவாத முடிப்பைப் பிரேரிக்கலாம் என்று அவ்விதியை விரிவாக்கினர். 1887ஆம் ஆண்டிலேயே அயர்லாந்துக்கான இன்னோர் அடக்குமுறை மசோதாவுக்கு நாள் குறித்தனர். குறித்த நேரம் வந்ததும் விவாதிக்கப்படாத வாசகங்களும் ஒரே வீச்சில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. இம்முறைக்குக் கில்லட்டின் என்று பெயர் வந்தது.

எதிர்த்தவர்களும் அதே ஆயுதத்தை எடுத்தனர். 1893ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தபொழுது, அதனைக் காமன்ஸ் சபையில் நிறைவேற்ற அவரும் கில்லட்டினையே நாடினார். ஜூலை மாதத்தில் அது விழுந்த இரவில் அங்கத்தவர்கள் சபைத்தளத்திலேயே கைகலந்தனர். பிரபுக்கள் சபையோ அம்மசோதாவை 41க்கு எதிராக 419 வாக்குகளால் குப்பையில் எறிந்தது. அங்கு எந்த விதியும் அவசரப்படுத்தவில்லை. எந்தக் கத்தியும் விழவில்லை.

1896ஆம் ஆண்டில் அரசாங்கச் செலவு மதிப்பீடுகளை விவாதிக்கக் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டன. இறுதி நாளில் எஞ்சிய தொகைகள் யாவும் விவாதமின்றி வாக்கெடுப்புக்கு வந்தன. 1902ஆம் ஆண்டில் பால்பர் கொண்டுவந்த மாற்றங்கள் சபையின் வாரத்தைப் புகைவண்டி நேரசூசியைப் போல ஒழுங்குபடுத்தின. கேள்வி நேரத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. பெரும்பாலான நாட்களில் அரசாங்க அலுவலே முதலிடம் பெற்றது. ஒரு சிறுபான்மையினரின் வாயை அடைக்கவென வார்த்த பூட்டு, இருபது ஆண்டுகளில் முழுச்சபையின் வாயிலும் தொங்கியது. அதன் திறவுகோல் மந்திரிசபையிடம் போய்ச் சேர்ந்தது. அயர்லாந்தியரை அடக்கியபொழுது கைதட்டிய சாதாரண ஆங்கில அங்கத்தவர், தம்முடைய நேரத்தையும் அன்றே இழந்துகொண்டிருந்தார்.

விவாதத்துக்கு எல்லையே கூடாதென்று கூறுவது எம் நோக்கமன்று. எல்லையற்ற பேச்சினால் செல்வர்களும் சீர்திருத்தங்களைத் தடுக்கலாம். அமெரிக்க செனற் சபையில் தென்மாநிலப் பிரதிநிதிகள், கறுப்பின மக்களின் உரிமைகளை அவ்வாறே நெடுங்காலம் தடுத்தனர். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டம் விவாத முடிப்பு வாக்கெடுப்பின் பின்னரே நிறைவேறியது. ஆகவே விதி எதுவென்று மட்டும் பார்த்தல் போதாது. அதனை எவர், எவருக்கு எதிராக, எந்த நலனுக்காக ஏவுகின்றனர் என்பதையும் பார்க்க வேண்டும். அயர்லாந்தியர் சபைக்குள் ஈட்டிய பலமும் சபைக்கு வெளியே திரண்ட குடியானவரிடமிருந்தே பிறந்தது. நியாயமான குத்தகையையும் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையையும் ஏற்ற 1881ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத நிலச் சட்டத்தை, பேச்சின் நீளம் தனித்துப் பெற்றுத்தரவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டரின் இவ்வரலாறு நமக்குத் தொலைவிலுள்ளதன்று. இலங்கையின் பாராளுமன்ற நடைமுறை அம்மரபிலிருந்தே வந்தது. 1949ஆம் ஆண்டில் காமன்ஸ் சபை நம் சபைக்குச் செங்கோலையும் அன்பளிப்பாக வழங்கியது. அவசரம் என்னும் சொல்லும் இங்கு வேரூன்றியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மந்திரிசபை அவசரமானதென்று கூறும் மசோதாவை உயர் நீதிமன்றம் 24 மணி நேரத்தில், அல்லது ஜனாதிபதி குறிக்கும் மூன்று நாட்களுக்கு மேற்படாத காலத்தில், ஆராய்ந்து முடிக்கப் பணித்தது. ஜனாதிபதி பதவிக்காலங்களுக்கு இருந்த எல்லையை நீக்கிய 18ஆம் திருத்தம் 2010ஆம் ஆண்டில் இவ்வழியாகவே விரைந்து வந்தது. 2015இல் 19ஆம் திருத்தம் அக்கதவை மூடியது. 2020இல் 20ஆம் திருத்தம் அதனை மீண்டும் திறந்தது. அக்கதவு அடைபட்டதையும் திறந்ததையும் நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் கவனித்தனர்?

குடியியற் பாடத்தில் மூன்று வாசிப்புகளையும் மனனம் செய்விக்கும் ஆசிரியர், ஒவ்வொரு வாசிப்புக்கும் எத்தனை மணி நேரம் கொடுக்கப்பட்டது என்று மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும். மசோதா மக்களின் கையில் எத்தனை நாள் இருந்தது, எந்த வாசகம் விவாதமின்றி நிறைவேறியது, எந்த அங்கத்தவரின் பெயர் பட்டியலில் இருந்தும் அழைக்கப்படவில்லை என்பன யாவும் பதிவேடுகளில் உள்ளன. நம்மீது ஆட்சி செலுத்தும் சட்டங்களைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் ஓரளவு வளர்ந்துள்ளது. அவை பிறந்த நாளின் நாழிகைக் கணக்கையும் படிக்கப் பழகுவோமாக.