எந்திரப் போருக்கு 96 பேர் வாசித்தார்கள்

எங்க ஆய்க்குடி பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்று சொன்னால் கோயில் கொடைக்கு மேடை போட்டுப் பாடுகிற மெல்லிசைக் குழு என்றுதான் அர்த்தம். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, தபேலா, கிடார், பாட ரெண்டு மூணு பேர். இங்கே நான் எழுதப்போவது இன்னொரு ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி. வயலின், செல்லோ, ஓபோ, பிரெஞ்சு ஹார்ன், டிரம்பெட் என்று எழுபது எண்பது பேர் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, முன்னால் இருக்கும் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. நம்ம பக்கத்துப் பையன்களில் பலர் அந்தச் சத்தத்தை முதல்ல கேட்டது கச்சேரி மண்டபத்தில் இல்லை. சினிமாவில் கேட்டிருப்பார்கள், இல்லேன்னா வீடியோ கேமில்.

அப்படி ஒரு கேம்தான் 1997 செப்டம்பரில் வந்த டோட்டல் அனைஹிலேஷன். அமெரிக்காவின் கேவ்டாக் நிறுவனம் உருவாக்கியது. வடிவமைத்தவர் கிறிஸ் டெய்லர், இசை ஜெரமி சோல். கதை இதுதான்: மனித மனதை எந்திரத்துக்குள் மாற்றிவிட்டால் சாவே கிடையாது என்று சொல்லி, எல்லோரும் மாறியே ஆகணும் என்று உத்தரவு போடுகிறது கோர் என்ற தரப்பு. முடியாது என்று எதிர்த்து நிற்கிறது ஆர்ம் என்ற தரப்பு. 4,000 வருஷம் சண்டை நடந்து அண்டமே பாழாகிவிடுகிறது. திரையில் டாங்கியும் ரோபோவும் தவிர ஒரு மனித முகம்கூட வராது. ஆனால் அந்தச் சண்டைக்குப் பின்னால் ஒலிக்கிற இசையை 96 மனிதர்கள் வாசித்தார்கள். நார்த்வெஸ்ட் சின்ஃபோனியா என்ற குழு.

எதிர்காலத்துக்கு எதுக்கு வயலின்? நியாயமாப் பார்த்தா எதிர்காலக் கதைக்கு மின்னணு ஒலிதானே பொருத்தம். சினிமாவும் அந்த வழியைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1956-இல் வந்த ஃபார்பிடன் பிளானட் படத்துக்கு லூயிஸ், பெபி பாரன் தம்பதி ஒரு வாத்தியம்கூட இல்லாமல், முழுக்க மின்சுற்றுகளிலிருந்தே ஒலி எடுத்தார்கள். ஆனால் 1968-இல் 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்தில் ஸ்டான்லி கூப்ரிக் விண்கலத்தை ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசைக்கு மிதக்கவிட்டார். 1977-இல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்தார். அதோடு விண்வெளி என்றால் ஆர்கெஸ்ட்ரா என்று மக்கள் மனதில் பதிந்துபோனது. பார்த்தே இராத ஒரு கிரகத்தில் நம்மை இறக்கிவிடும்போது, பயமா வியப்பா என்று காதுக்குச் சொல்ல, பழகின ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது.

வீடியோ கேமுக்கும் அந்த ஆசை இருந்தது, ஆனால் வசதி இல்லை. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இசை என்று இருந்தது இறங்கிவரும் நாலே நாலு சுரம். எதிரிகள் குறையக் குறைய அது வேகமாகும், நம் நெஞ்சும் கூடவே அடிக்கும். 1983-இல் நின்டெண்டோ விற்ற ஃபேமிகாம் கருவியின் ஒலிச் சில்லில் ஐந்தே தடங்கள். மெட்டுக்கு ரெண்டு, கீழ்க்குரலுக்கு ஒண்ணு, தாளத்துக்கு இரைச்சல் ஒண்ணு, மிகச் சிறிய ஒலிப்பதிவுக்கு ஒண்ணு. அதற்குள் 96 பேரை எப்படி உட்கார வைப்பது?

வழியைத் திறந்தது சிடி. கேமோடு சேர்த்து, ஸ்டுடியோவில் பதிவு செய்த இசையையும் அப்படியே தட்டில் வைக்கலாம் என்று ஆனபிறகு ஒலிச்சில்லின் கணக்கு அடிபட்டுப்போனது. டோட்டல் அனைஹிலேஷன் தட்டைச் சாதாரண சிடி பிளேயரில் போட்டாலும் பாட்டு கேட்கும்.

ஆனால் சிடி ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது. சினிமாவில் ஒரு காட்சி இத்தனை விநாடி என்று இசையமைப்பாளருக்குத் தெரியும். ரீலைப் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதிவிடலாம். கேமில் ஆடுகிறவன் சண்டையை எப்போது தொடங்குவான், எப்போது முடிப்பான் என்று யாருக்கும் தெரியாது. சில்லு இசை என்றால் உடனே வேகம் கூட்டலாம். பதிவாகிப்போன ஆர்கெஸ்ட்ராவை என்ன செய்வது? டோட்டல் அனைஹிலேஷன் கண்ட வழி எளிமையானது: ஆற அமரக் கட்டடம் கட்டும்போது ஒரு வகைப் பாட்டு, சண்டை மூண்டால் வேறு வகை. நாலு வருஷம் கழித்து, 2001-இல் வந்த ஹேலோ கேமில் மார்ட்டி ஓ'டானலும் மைக்கேல் சால்வடோரியும் இசையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஆடுகிறவனின் போக்குக்குத் தகுந்தபடி ஒட்டும் முறையைக் கையாண்டார்கள்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். இதே வருஷங்களில் சென்னையில் நேரெதிராக ஒன்று நடந்துகொண்டிருந்தது. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் வயலின் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்த காலம் ஒன்று உண்டு. 1986-இல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசை அமைத்தார். அதே வருஷம்தான் ஏவுகணைக் கதையான விக்ரமும் வந்தது. 1992-இல் ரோஜா. தன் வீட்டு ஸ்டுடியோவில் அடுக்கடுக்காக ஒலி சேர்த்துப் பாட்டுக் கட்டும் ஏ.ஆர். ரஹ்மானின் முறை அதோடு பரவியது. புதுமையான, அருமையான இசை கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பத்து வயலினின் வேலையை ஒரு கீபோர்டு செய்யும் என்று தயாரிப்பாளர்கள் கண்டுகொண்டபோது, தினமும் கால்ஷீட் வாங்கி வாழ்ந்த வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்தது. கேம் உலகம் சில்லிலிருந்து மனிதர்களை நோக்கிப் போன அதே பத்தாண்டில், நம்ம சினிமா மனிதர்களிடமிருந்து எந்திரத்தை நோக்கிப் போனது.

இந்த ரெண்டு பாதையும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. டோட்டல் அனைஹிலேஷன் வந்த அதே 1997-இல், ராஜீவ் அஞ்சல் இயக்கிய குரு என்ற மலையாளப் படம் வந்தது. எல்லோரும் பார்வையற்றவர்களாக வாழும் ஒரு நாட்டுக்குள் கண் தெரிந்த ஒருவன் போய்ச் சேரும் கதை. அறிவியல் புனைகதையின் முன்னோடிகளில் ஒருவரான எச்.ஜி. வெல்ஸ் 1904-இல் எழுதிய சிறுகதையை நினைவுபடுத்துவது. அதற்கு இளையராஜா எழுதிய இசையை வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. 2005-இல் அவருடைய திருவாசகமும் அதே குழுவோடுதான் பதிவானது. நடுவில் 1999-இல், பெல்ஜியத்தில் உருவான அவுட்காஸ்ட் என்ற அறிவியல் புனைவு கேமுக்கு லென்னி மூர் எழுதிய இசையை மாஸ்கோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது.

ஏன் எல்லோரும் அந்தப் பக்கமே போனார்கள்? 1989-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சிகள் மாறி, அரசுப் பணத்தில் வளர்ந்த இசைக்குழுக்கள் வெளிநாட்டுப் பதிவு வேலைகளைத் தேடின. வாசிப்பு உயர்தரம், கூலி லண்டனையும் லாஸ் ஏஞ்சல்ஸையும்விடக் குறைவு. கேம் நிறுவனத்தின் பட்ஜெட்டுக்கும் இந்தியத் தயாரிப்பாளரின் பட்ஜெட்டுக்கும் அது கட்டுப்படியானது.

நம்மிடம் வயலின் கலைஞர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1986-இல் வந்த இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தொகுப்பில் வி.எஸ். நரசிம்மன் வாசித்த வயலினைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். இல்லாதது, மாதச் சம்பளம் கொடுத்து ஒரு குழுவைக் கட்டிக்காக்கும் நிறுவனம். மும்பையில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா தொடங்கியதே 2006-இல்தான். அதிலும் ஒரு பகுதி கலைஞர்களைக் கஜகஸ்தானிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. கீபோர்டு யுகத்தின் முகமாக இருந்த ரஹ்மானே 2008-இல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லிக்கொடுக்க சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவையும் உருவாக்கினார். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த திருப்பம் இதுதான்.

மெஷின் வந்தால் மனிதனுக்கு வேலை போய்விடும் என்று பொதுவாகப் பேசுகிறோம். இந்தக் கதையில் அது அவ்வளவு நேராக நடக்கவில்லை. சிடி என்ற எந்திரம் சியாட்டில் பக்கம் 96 பேருக்கு வேலை கொடுத்தது, கீபோர்டு என்ற எந்திரம் கோடம்பாக்கத்தில் பலருடைய வேலையைக் குறைத்தது. எங்கே யார் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள், எங்கே ஒரு குழு கலையாமல் இருந்தது என்பதுதான் முடிவு செய்தது. இன்றைக்கு ஒவ்வொரு வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் பதிவு செய்து மென்பொருளாக விற்கிறார்கள். ஒரு லேப்டாப்பில் மொத்த ஆர்கெஸ்ட்ராவையும் எழுப்பிவிடலாம். அந்தச் சுரங்களையும் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் வில் போட்டு வாசித்துக் கொடுத்திருக்கிறார்.

வாய்ப்புக் கிடைத்தால் டோட்டல் அனைஹிலேஷன் இசையையும் குரு படத்தின் இசையையும் ஒரே நாளில் கேட்டுப் பாருங்க. ரெண்டும் 1997.