விடியற்காலைக் குரல்: பெட்ரோ கொன்சாலெஸும் குடியேறிய தொழிலாளரின் வானொலியும்

வானொலியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிலையங்களையும் அவற்றின் உரிமையாளரையுமே முதன்மைப்படுத்துவர். எந்த நிலையமும் சொந்தமில்லாத ஒருவர், பிறர் விரும்பாத நேரத்தைத் தமதாக்கி, புறக்கணிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தை ஒன்றிணைத்ததும் அவ்வரலாற்றின் பகுதியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய மொழி ஒலிபரப்பின் முன்னோடிகளுள் ஒருவரான பெட்ரோ கொன்சாலெஸின் வாழ்வு இவ்வகையில் நோக்கத்தக்கது.

மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்த கொன்சாலெஸ், மெக்சிக்கப் புரட்சியின்போது பான்சோ வில்லாவின் படையில் தந்தியாளராகப் பணியாற்றினார். 1920களில் கலிபோர்ணியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்து துறைமுகத் தொழிலாளியானார். வயல்களிலும் இருப்புப்பாதைகளிலும் உழைத்த மெக்சிக்கர் பல்லாயிரவர் அப்பகுதியில் வாழ்ந்தனர். ஆயினும் வானொலி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசிற்று.

பேர்பாங்க் நகரின் கே.ஈ.எல்.டபிள்யூ. நிலையத்தில் கொன்சாலெஸ் தொடங்கிய நிகழ்ச்சி அதிகாலை 4 மணி முதல் 6 மணி வரை ஒலித்தது. சான்செஸ் சகோதரருடன் அவர் அமைத்த இசைக்குழு ‘லொஸ் மத்ருகதோரெஸ்’, அதாவது ‘அதிகாலையில் எழுவோர்’ எனப் பெயர் பெற்றது. விளம்பரதாரர் விரும்பிய மாலைப்பொழுது ஆங்கில நிகழ்ச்சிகளுக்கே உரியதாயிருந்தது. விடியலுக்கு முந்திய நேரமே மலிவாகக் கிடைத்தது. அக்குறையே வலிமையாயிற்று. வேலைக்குப் புறப்படும் தொழிலாளி விழித்திருந்த நேரம் அதுவேயன்றோ! நாட்டு நடப்பைக் கதையாகப் பாடும் ‘கொரிதோ’ பாடல்களோடு, வேலை பற்றிய அறிவித்தல்களும் சமூக நிலை பற்றிய கருத்துரைகளும் அவனைச் சென்றடைந்தன.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் நிலைமையை மாற்றியது. வேலையின்மைக்குக் குடியேறியோரே காரணமெனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1931 பெப்ரவரி 26இல் லொஸ் ஏஞ்சல்ஸின் பழைய சதுக்கம் சுற்றிவளைக்கப்பட்டு, ஏறத்தாழ 400 பேர் தடுத்து விசாரிக்கப்பட்டனர். அப்பத்தாண்டில் மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டோர் தொகையை 4 இலட்சம் முதல் 10 இலட்சத்துக்கு மேல் என ஆய்வாளர் பலவாறு மதிப்பிடுவர். அவர்களுட் பெரும் பகுதியினர் அமெரிக்காவிற் பிறந்த குடிமக்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இக்கொடுமையைக் கொன்சாலெஸ் ஒலிவாங்கியின் முன் வெளிப்படையாகக் கண்டித்தார்.

அதிகாரிகள் அஞ்சியது அவருடைய சொற்களை மட்டுமன்று. ஓர் அழைப்பில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டவல்ல செல்வாக்கையுமாகும். 1934இல் ஓர் இளம்பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார் என அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1 முதல் 50 ஆண்டு வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, சான் குவென்ரின் சிறைக்கு அவர் அனுப்பப்பட்டார். தமது சாட்சியம் பொய்யென அப்பெண் பின்னர் கூறியபோதும் தீர்ப்பு மாறவில்லை. அவருடைய மனைவி மரியாவும் மெக்சிக்க மக்களும் நீதி கோரிப் போராடினர். ஆறு ஆண்டுகளின் பின், 1940இல், விடுதலை கிடைத்தது. ஆனால் அது நாடுகடத்தலோடு கூடிய விடுதலை. எவருடைய வெளியேற்றத்தை எதிர்த்துப் பேசினாரோ, அவர்களது கதியே அவருக்கும் நேர்ந்தது.

எனினும் அவருடைய பணி அத்துடன் முடிவுறவில்லை. எல்லைக் கோட்டிலேயே அமைந்த திஹுவானா நகரிலிருந்து பல ஆண்டுகள் மீண்டும் ஒலிபரப்பினார். மனிதரைத் தடுக்கும் எல்லை வானொலி அலைகளைத் தடுப்பதில்லை. 1970களில் மீண்டும் அமெரிக்கா சென்று வாழ்ந்தார். 1980களில் அவரது வாழ்வு ஆவணப்படமாகவும் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. 1995இல், தம் 99ஆவது வயதில், கலிபோர்ணியாவில் அவர் காலமானார்.

1930களின் வெளியேற்றங்களுக்காகக் கலிபோர்ணியா மாநிலம் 2005இல் சட்டமியற்றி மன்னிப்புக் கோரிற்று. கொன்சாலெஸ் அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. அரசு ஒப்புக்கொள்ள எழுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்த உண்மையை, அது நிகழ்ந்த காலத்திலேயே, மலிவாகக் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர் உரைத்தார். சுதந்திரமான ஊடகத்தின் பெறுமதி அதன் செல்வத்திலன்று, யாருக்காகப் பேசுகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.